சிலோன்காரர் வீட்டு இந்திய பாஸ்போர்ட்

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் பேருந்தில் போனால், கட்டபெட்டு வருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டுவிடுவார்: "எந்த ஊரு நீங்க?" பேரைக் கேட்பதற்கு முன்பே ஊரைக் கேட்பது நம் பழக்கம். என் அப்பாயியிடம், அதாவது அப்பாவின் அம்மாவிடம், இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் இருந்தன. பேருந்தில் கேட்டால் "கோத்தகிரி". கூடக் கொழுந்து பறிக்கிற பெண்கள் கேட்டால் "பதுளைப் பக்கம்", இலங்கையில் அவர் பிறந்த ஊர். கல்யாணப் பேச்சு, குலசாமி என்று வந்துவிட்டால் "துறையூர்ப் பக்கம்", முன்னோர் கிளம்பிப்போன திருச்சிப் பக்கத்து ஊர். இத்தனைக்கும் துறையூரை அவர் வாழ்நாளில் இரண்டே முறைதான் பார்த்தார். அதுவும் அறுபது வயதுக்கு மேல்.

சின்ன வயதில் எனக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. ஓர் ஆளுக்கு ஓர் ஊர்தானே? ஒருநாள் கேட்டே விட்டேன். "கேக்குற ஆளப் பொறுத்துத்தானே சொல்ல முடியும்?" என்றார். அடையாளம் என்றால் என்ன என்று பின்னாளில் எத்தனையோ கட்டுரைகள் படித்தேன். அவரைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

குடியுரிமை, அடையாளம், சொந்தம், நாடு என்ற சொற்களை நாம் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுப் பேசுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அதனால் தொந்தரவு எதுவும் வருவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு நான்கும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. நான்கும் நான்கு திசையில் கிடக்கிற குடும்பத்துக்கு வந்து பார்த்தால்தான் அவை வேறு வேறு என்பது தெரியும். நீலகிரியில் அப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை.

முதலில் எளிதான சொல்லை முடித்துவிடுவோம்: குடியுரிமை. இது ஓர் ஆளுக்கும் ஓர் அரசுக்கும் உள்ள சட்ட உறவு. ஓட்டு, பாஸ்போர்ட், துரத்தப்படாமல் இருக்கும் பாதுகாப்பு எல்லாம் இதன் வழியாகத்தான் வருகின்றன. இதில் கொஞ்சம் இருக்கிறது, கொஞ்சம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய உலகில் பெரும்பாலும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிறந்த மண்ணைப் பார்ப்பது. இன்னொன்று, பெற்றவர்கள் யார் என்று பார்ப்பது. இந்தியா முதலில் மண்ணைப் பார்த்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று ஆனது. 2004 டிசம்பரிலிருந்து இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. மண்ணிலிருந்து ரத்தத்துக்குச் சட்டம் மெல்ல நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

இலங்கை இந்த வேலையை 1948இலேயே செய்தது. அந்த ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் போதாது. அவருடைய தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழித் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணிகள் கூட்டிப்போன ஜனங்களின் பிள்ளைகள், லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பிறந்து லயத்தில் வளர்ந்தவர்கள், பூட்டனுடைய பிறப்புச் சான்றுக்கு எங்கே போவார்கள்? 1949இல் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற ஒரு வழி திறந்தார்கள். வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தள்ளுபடி. 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களுக்கு 1952 தேர்தலில் ஓட்டு இல்லை. இந்தியாவும் அவர்களைத் தன் குடிமக்கள் என்று உடனே ஏற்கவில்லை. இரண்டு அரசுமே கை விரித்த இந்த நிலைக்கு 'நாடற்றவர்' என்று பெயர். 'ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டுரிமை உண்டு' என்று ஐக்கிய நாடுகள் சபை தன் மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆவது பிரிவில் எழுதியதும் அதே 1948இல்தான்.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர் கணக்கில் இருந்தார்கள். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் பார்த்துக்கொண்டார்கள்: ஆளுக்கு 75,000. தேங்காய் உடைத்த மாதிரி சரிபாதி. அந்த மக்களில் ஒருவரும் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் விண்ணப்பம் போட்டு, ஒரே லயத்திலிருந்து ஒரு குடும்பம் இரண்டு நாடாகப் பிரிந்த கதைகள் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு.

அப்பாயி 1970களின் தொடக்கத்தில் வந்தார். பதுளையிலிருந்து கோச்சி (ரயிலை அவர் கடைசிவரை கோச்சி என்றுதான் சொன்னார்), தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேசுவரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் சில நாள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியாமல் இருந்திருந்தால் அங்கே இறங்கியிருப்பார். பிறகு நீலகிரி. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் வனத்துறையின் கீழ் தேயிலைத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. பிற்பாடு டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது அதுதான். கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி என்று பல இடங்களில் தோட்டம் போட்டார்கள். எங்கள் வீட்டார் டேன்டீயில் சேரவில்லை, தனியார் தோட்டம் ஒன்றின் லைன் வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில், இரண்டு சேலைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறைக்குள் அவருடைய பாஸ்போர்ட் இருந்தது. ஓரங்கள் மக்கிப்போய், முத்திரை மை அடுத்த பக்கத்துக்கு ஊறி நீலமாகப் படர்ந்திருக்கும். தேசியம்: இந்தியன். பிறந்த இடம்: பதுளை. புகைப்படத்தில் அவர் கண்கள் கேமராவுக்குச் சற்று மேலே எதையோ பார்க்கும். அதுவரை அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. இந்திய பாஸ்போர்ட்டோடு வந்து இறங்கியவரை இங்கே எல்லாரும் என்னவென்று கூப்பிட்டார்கள்? சிலோன்காரர். சில பேர் அகதி என்றும் சொன்னார்கள். அங்கே இருந்தவரை அவர் 'இந்தியத் தமிழர்'. கோபம் வந்தால் 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்'. கடல் தாண்டியதும் இந்தியர் போய் சிலோன் வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒப்பந்தப்படி வந்தவர்கள் அகதிகள் இல்லை. அவர்கள் 'தாயகம் திரும்பியோர்', முழு இந்தியக் குடிமக்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள்தான் அகதிகள். 2021இல் தமிழ்நாடு அரசு பெயர் மாற்றி 'மறுவாழ்வு முகாம்' என்றாக்கியது இவர்கள் இருக்கும் முகாம்களைத்தான். அந்த முகாம்களில் 1990களில் பிறந்தவர்கள் இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்குப் போய், நம்மைப் போலவே பேசுகிறார்கள். பெற்றோர் இருவரும் இலங்கைக் குடிமக்கள் என்றால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் இந்தியர் இல்லை. அப்பாயிக்குக் காகிதம் சரியாக இருந்தது, ஊர்தான் ஒப்பவில்லை. இவர்களை ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது, காகிதம் ஒப்பவில்லை.

அப்படியானால் அடையாளம் என்பது என்ன? நான் யார் என்று நான் சொல்வது பாதி. மற்றவர்கள் சொல்வது மீதிப் பாதி. இரண்டும் ஒத்துப்போனால் அதைப் பற்றி யோசிக்கவே மாட்டோம், செருப்பு சரியாகப் பொருந்தினால் காலைப் பற்றி யோசிக்காத மாதிரி. ஒத்துப்போகாத இடத்தில்தான் கடிக்கும். அப்பாயிக்குக் கடித்தது ஒரு டீக்கடையில். வந்த புதிதில் "ஒரு தேத்தண்ணி" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் சிரித்து, அதையே இரண்டு முறை திருப்பிச் சொல்லிக் காட்டினாராம். அதன் பிறகு அப்பாயி கடையில் 'டீ' என்றும் வீட்டில் தேத்தண்ணி என்றும் சொல்லப் பழகிக்கொண்டார். வீட்டில் அவர் குடிக்கிற விதமே வேறு. சாயத்தில், அதாவது பால் விடாத தேத்தண்ணியில், சீனி போடமாட்டார். இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டிக்கொண்டு, நாக்கு நுனியால் ஒரு தொடு, பிறகு ஒரு மிடறு. ஒரு கரண்டிச் சீனியில் இரண்டு டம்ளர் போகும். தோட்டத்துச் சம்பளம் கற்றுக்கொடுத்த சிக்கனம் அது. சம்பளம் கூடிய பிறகும் கை பழக்கத்தை விடவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும் கையைத் துடைத்துவிட்டு, சீனியைக் கலக்கிக் குடிப்பார்.

சமூகவியல்காரர்கள் இதைப் பல அடுக்கு அடையாளம் என்பார்கள். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு குறை உண்டு. அடுக்கு என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வரிசை இருப்பதாகத் தோன்றுகிறது. அடியில் தோண்டினால் 'உண்மையான' அப்பாயி கிடைப்பார் போலவும் தோன்றுகிறது. அப்படி எதுவும் இல்லை. டீ சொன்னதும் அவர்தான், தேத்தண்ணி சொன்னதும் அவர்தான்.

இப்போது சொந்தம் என்ற சொல்லுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த சொல் இது. 'இந்த வீடு எனக்குச் சொந்தம்' என்றால் உடைமை. 'அவங்க எங்களுக்குச் சொந்தம்' என்றால் உறவு. ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு நாட்டுக்கு, ஒரு மலைக்கு, ஒரு தெருவுக்குச் சொந்தமாக இருப்பது என்பது இந்த இரண்டாவது வகை. பட்டா போட்டு வருவதில்லை. சொந்தபந்தம் மாதிரி, போகவரத்தான் வரும். சாவுக்குப் போவது, நோம்பிக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்புவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து லைனிலிருந்து கஷாயம் வருவது. அப்பாயிக்குக் கோத்தகிரி எப்போது சொந்தமானது என்று என்னால் தேதி சொல்ல முடியாது. ஆனால் தாத்தாவை இங்கே புதைத்த பிறகு அவர் "நம்ம ஊர்ல" என்று பதுளையைச் சொல்வது குறைந்துபோனதை அப்பா கவனித்திருக்கிறார்.

'நாடு' என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. கொங்கில் பூந்துறை நாடு உட்பட 24 நாடுகள் என்பார்கள். சோழர் காலத்தில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. அதன் சபையில் உட்கார்ந்தவர்கள் நாட்டார். நீலகிரியில் இந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. படுகர்கள் தங்கள் மண்ணை நாக்குபெட்டா, அதாவது நான்கு மலை, என்பார்கள். தொதநாடு, மேற்குநாடு, பொரங்காடு, குந்தை என்று நான்கு பிரிவு. ஒரு பெரியவர் "நம்ம நாட்ல இப்படிச் செய்யறதில்ல" என்றால் அவர் டெல்லியைப் பற்றிப் பேசவில்லை, ஒரு நாளில் நடந்து சுற்றிவிடக்கூடிய தூரத்தைப் பற்றிப் பேசுகிறார். பாஸ்போர்ட்டில் அச்சடிக்கிற பெரிய நாடு இந்தச் சொல்லுக்குள் குடிவந்தது மிகவும் பிந்தித்தான்.

படுகர் என்ற பெயரையும் கொஞ்சம் திறந்து பாருங்கள். தமிழில் 'வ' வருகிற இடத்தில் கன்னடத்தில் 'ப' வரும். நாம் 'வா' என்றால் அவர்கள் 'பா'. நம் வேர் அங்கே 'பேரு'. வடக்கு அங்கே 'படகு'. ஆக படகர், படுகர் என்றால் வடக்கிலிருந்து வந்தவர். எப்போது வந்தார்கள், வந்தார்களா, இங்கேயே இருந்தவர்களா என்பதில் படுகர்களுக்குள்ளேயே சண்டை உண்டு, அதில் நான் தலையிடவில்லை. பெயர் மட்டும் தெளிவாக 'வடக்கத்தியார்' என்றுதான் சொல்கிறது. யாரோ, ஏற்கெனவே இங்கே இருந்த யாரோ, வந்தவர்களைப் பார்த்து வைத்த பெயர். இன்றைக்கு நீலகிரி என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் அது ஒன்று. சிலோன்காரர் என்ற பெயரைக் கேட்டு அப்பா முகம் சுருங்கும்போதெல்லாம் நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

தோடர்கள் தங்களைத் தோடர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் மொழியில் அவர்கள் 'ஓள்', அதாவது மனிதர். உதகமண்டலம் என்ற பெயரின் வாலில் இருப்பது அவர்களுடைய மந்து, அதாவது குடியிருப்பு, என்பார்கள். சுமார் 2,000 பேர்தான். அவர்களுக்கு எருமையும் மந்தும் குலமும்தான் முதல் விலாசம். பணியர் என்ற இன்னொரு பழங்குடியின் பெயரோ வேலைக்காரர் என்ற பொருளில் நிலவுடைமைக்காரர்கள் பக்கத்திலிருந்து பார்த்து வைத்தது.

பணியர் கதையில் கோடு போடும் வேலை எப்படி நடக்கிறது என்பதும் தெரியும். அவர்கள் கூடலூர், பந்தலூரிலும் இருக்கிறார்கள், வயநாட்டிலும் இருக்கிறார்கள். ஒரே மொழி, ஒரே சாமி, கொடுத்து வாங்குகிற சம்பந்தம். 1877இல் ஆங்கிலேய நிர்வாகம் தென்கிழக்கு வயநாட்டை, அதாவது இன்றைய கூடலூர்ப் பகுதியை, மலபார் மாவட்டத்திலிருந்து எடுத்து நீலகிரியோடு சேர்த்தது. நிர்வாக வசதிக்காகச் செய்த ஏற்பாடுதான். 1956இல் மொழிவழி மாநிலங்கள் வந்தபோது மலபார் கேரளத்துக்குப் போனது, நீலகிரி இங்கே நின்றது. அதற்கும் 79 வருஷத்துக்கு முன்னால் நகர்த்திய ஒரு கோட்டினால் இன்று பணியர் பிள்ளை ஒன்று தமிழில் படிக்கிறது, அதன் மாமன் மகள் மலையாளத்தில் படிக்கிறாள். அவர்கள் வீட்டில் பேசுகிற பணிய மொழி இரண்டு பள்ளிக்கூடத்திலும் இல்லை.

இதுவரை நான் என் பக்கத்து நியாயத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களைக் குடியமர்த்தத் தேயிலை நட்டது காலி இடத்தில் இல்லை. அது காடு. பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் தேனும் கிழங்கும் எடுத்த காடு. இரண்டு அரசுகள் எண்ணிக் கை மாற்றிய ஜனங்களுக்கு ஓர் இடம் கிடைத்தபோது, யாருடைய ஒப்பந்தத்திலும் பெயர் வராத ஜனங்களின் இடம் சுருங்கியது. எங்கள் வீட்டில் இதை யாரும் பேசியதில்லை. நானும் முப்பது வயது வரை யோசித்ததில்லை. ஒருவர் ஓரிடத்துக்குச் சொந்தமாவது எப்போதும் இனிப்பான கதையாக இருக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான திசையில் ஓர் உதாரணம் ஊட்டியிலேயே இருக்கிறது. தாவரவியல் பூங்கா பக்கம் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்களைப் பார்த்திருப்பீர்கள். 1950க்கும் 1987க்கும் இடையில் இந்தியாவில் பிறந்த திபெத்தியர்கள் பிறப்பாலேயே இந்தியர்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. ஆனாலும் நாடெங்கும் உள்ள திபெத்தியர்களில் பலர் அந்த உரிமையைக் கேட்டு வாங்கவில்லை. வாங்கினால் திபெத்தைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவர்கள் மனக்கணக்கு. இல்லாத காகிதத்துக்காக ஏங்குகிறவர்களும், கிடைக்கிற காகிதத்தை வேண்டாம் என்கிறவர்களும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்கள்.

'அப்படியென்றால் நாடே வேண்டாமா?' என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். நாடற்றவராக இருந்து பார்த்த குடும்பத்தில் பிறந்தவன் பாஸ்போர்ட்டை அலட்சியமாகப் பேசமாட்டான். அந்தப் பிளாஸ்டிக் உறையை அப்பாயி ஏன் நகையைவிட மேலாகப் பாதுகாத்தார் என்பது எனக்குப் புரியும். நான் சொல்வது சின்ன விஷயம்: அந்தக் காகிதம் ஒரு கேள்விக்குத்தான் பதில். அதை எல்லாக் கேள்விக்கும் நீட்டினால் செல்லாது. சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் நான் நின்றபோது "பூர்வீகம் எது?" என்றார்கள். கோத்தகிரி என்றேன். "அது இல்ல, பூர்வீகம்." பதுளை என்றேன். "அது வெளிநாடு." துறையூர் என்றேன். "அங்க போய் ஆதாரம் வாங்கிட்டு வாங்க." அப்பாயியின் மூன்று பதிலும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோயின.

அப்பாயி இருந்த லைன் வீட்டில் இப்போது வேறு குடும்பம். எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று இறங்கிப்போய்விட்டார்கள்; கொழுந்து பறிக்க ஜார்க்கண்ட் பக்கமிருந்து ஆட்கள் வருகிறார்கள். போன மழைக்காலத்தில் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பக்கத்து வீட்டு அக்கா, அவரும் பதுளைக் குடும்பம்தான், "அது இப்ப வடக்கத்திக்காரங்க வீடு" என்றார். வாசலில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் சைக்கிள் டயரோடு நின்றான். "எந்த ஊரு தம்பி?" என்றேன். "கோத்தகிரி" என்றான், பட்டென்று. உள்ளேயிருந்து அவன் அம்மா ஏதோ சொன்னார். அதில் 'கும்லா' என்ற ஊர்ப் பெயர் ஒன்றுதான் எனக்கு விளங்கியது. பையன் அதைக் காதில் வாங்காமல், "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டான்.

நான் அவனுக்குப் பின்னால் இருந்த கதவைக் காட்டி, "இந்த வீடுதான்" என்றேன். அவன் நம்பவில்லை.